ஆட்டோகிராஸ் போட்டி: காரில் முதலில் சரிசெய்ய வேண்டியது டயர் காற்றழுத்தமே

பெங்களூரு: அன்றாடம் அலுவலகம் சென்றுவரும் காரிலேயே பங்கேற்கக்கூடிய மோட்டார் விளையாட்டு ஆட்டோகிராஸ். குறுகிய, வளைவுகள் நிறைந்த தடத்தைக் குறைந்த நேரத்தில் கடப்பதே போட்டி. அமெரிக்காவில் கூம்புகள் நிறுத்தப்பட்ட தார்த் தளங்களில் நடைபெறும் இப்போட்டி, இந்தியாவில் மண் தடங்களிலும் நடத்தப்படுகிறது.

கே-1000 ராலியை நடத்தும் கர்நாடகா மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் செயல்படும் பெங்களூருவில், இதில் ஆர்வம் கொள்ளும் புதியவர்கள் பலர் விலை உயர்ந்த சஸ்பென்ஷன் பாகங்களையே முதலில் நாடுகின்றனர். ஆனால் காருக்கும் தரைக்கும் உள்ள ஒரே தொடர்பு, உள்ளங்கை அளவே தரையில் படியும் 4 டயர் பரப்புகள்தான்.

காற்றழுத்தம் எவ்வளவு?

ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் உற்பத்தியாளர் குறிப்பிட்டுள்ள அளவே தொடக்கப்புள்ளி. டயர் குளிர்ந்திருக்கும்போதே அதை அளக்க வேண்டும். டயருக்குள் வெப்பம் 6 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அழுத்தம் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ கூடும்.

தார்த் தளத்தில் டயரின் ஓரத்தில் சாக்பீஸால் கோடிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம். கோடு பக்கச்சுவர் வரை அழிந்தால் காற்று குறைவு. ஓரப்பகுதி அழியாமலே இருந்தால் காற்று அதிகம். மண் தடத்தில் பிடிமானத்துக்காகக் காற்றை அளவுக்கு மீறிக் குறைத்தால், வளைவில் டயர் ரிம்மிலிருந்து கழன்று கார் கவிழும் அபாயம் உண்டு.

வளைவில் வழுக்குவது ஏன்?

இந்திய ஹேட்ச்பேக் கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர இயக்கம் கொண்டவை. திரும்புவதும் இழுப்பதும் முன் டயர்களின் வேலை. பிரேக்கின் பெரும்பங்கும் அவற்றின் மீதே விழுகிறது. எனவே வேகம் மிகுந்தால் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் நேராகவே வழுக்கிச் செல்லும். ஸ்டியரிங்கை மேலும் திருப்புவதால் பயனில்லை. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைப்பதே தீர்வு.

பின் டயர்களில் காற்றைச் சற்றுக் கூட்டினால் கார் எளிதில் திரும்பும். அளவு மீறினால் பின்பகுதி சுழன்றுவிடும். ஆகவே ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், அதுவும் 2 பிஎஸ்ஐக்கு மிகாமல் செய்து, பலனைக் குறித்துவைப்பது பாதுகாப்பானது.

புறப்படும் முன்

டயரின் பக்கச்சுவரில் உள்ள 4 இலக்க எண் அதன் வயதைக் காட்டும். 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத் தயாரிப்பு. விரிசல், வீக்கம், சக்கர நட்டுகளின் இறுக்கம் ஆகியவற்றைச் சோதிப்பதும், காருக்குள் உள்ள தளர்வான பொருள்களை அகற்றுவதும், ஹெல்மெட் அணிவதும் அவசியம்.

இச்சோதனைகளைப் பொதுச்சாலையில் செய்யக் கூடாது. சாலையில் பந்தயம் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆவது பிரிவின்படி முதல் முறை 3 மாதம் வரை சிறை அல்லது ரூ.5,000 வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். போட்டி முடிந்ததும் டயர் ஆறிய பின் காற்றழுத்தத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்த பிறகே வீடு திரும்ப வேண்டும்.