கைவிடாத வைத்தியம்

"இனி எங்களால் ஆவது ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப்போய் ஆசைப்பட்டதைச் சாப்பிடக் கொடுங்கள்" என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பும் வார்த்தை, புற்றுநோய் முற்றிய ஒருவரின் குடும்பத்தார் தலையில் இடியாக வந்து விழுகிறது. நோயைக் குணப்படுத்த வழியில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம்; ஆனால், செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது உண்மையன்று. வலி, மூச்சுத் திணறல், வாந்தி, படுக்கைப் புண், உறக்கமின்மை, பயம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் உண்டு. அவற்றைத் தேடிச் செய்யும் துறைக்கு வலி தணிப்பு ஆதரவுச் சிகிச்சை என்று பெயர். அந்திம காலத்தில் இருப்போரை வைத்துப் பேணும் இல்லங்களை ஹாஸ்பிஸ் என்கிறார்கள்.

லண்டனும் கோழிக்கோடும்

செவிலியாகப் பயின்று, முதுகு வலியினால் அத்தொழிலைத் தொடர இயலாமல், லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் சமூக ஊழியராக மாறிய சிசிலி சாண்டர்ஸ் என்ற மாது, போலந்திலிருந்து அகதியாக வந்து புற்றுநோயால் மரணத்தை எதிர்நோக்கியிருந்த டேவிட் டாஸ்மா என்ற யூதருக்குத் துணையாக இருந்தார். இத்தகைய நோயாளிகளுக்கென்று ஓர் இல்லம் வேண்டும் என்று அவர்கள் பேசிக்கொண்டிருந்த எண்ணத்துக்கு முதல் காணிக்கையாக, அம்மனிதர் 1948-இல் 500 பவுண்டை எழுதிவைத்துவிட்டு இறந்தார். அதன்பின் முப்பது வயதைக் கடந்த நிலையில் மருத்துவம் படிக்கப் புகுந்து, 1957-இல் பட்டம் பெற்ற சாண்டர்ஸ், 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தார். நோயாளியின் வேதனை சரீரத்தோடு நிற்பதில்லை. மனக்கலக்கம், குடும்பத்தைப் பற்றிய கவலை, தெய்வ நம்பிக்கையில் எழும் தடுமாற்றம் எல்லாம் அதில் அடங்கும் என்பது அவர் வற்புறுத்திய கொள்கை.

நம் நாட்டில், 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் அவருடைய சகாக்களும் தொடங்கிய சங்கத்திலிருந்து கிளைத்த இயக்கம், ஊர்த் தொண்டர்களைப் பழக்கி நோயாளியின் வீட்டுக்கே சிகிச்சையைக் கொண்டுசென்றது. 2008-இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. சொந்த வீட்டில் கண்மூடவேண்டும் என்ற ஆசை வேரூன்றியுள்ள நம் தேசத்துக்கு, லண்டன் முறையைவிட இதுவே பொருந்தும் என்பது என் அபிப்பிராயம்.

மார்பீனைக் கண்டு அஞ்சுவதேன்?

முற்றிய புற்றுநோயின் கடும் வலிக்குப் பிரதான மருந்து மார்பீன். இதை ஊசியாகத்தான் போடவேண்டும் என்பதில்லை, மாத்திரையாகவே விழுங்கலாம். சாதாரண மார்பீன் மாத்திரையின் பலன் ஏறக்குறைய நாலு மணி நேரமே நிற்குமாதலால், வலி தாங்காமல் நோயாளி கதறும்வரை காத்திராமல், கடிகாரத்தைப் பார்த்து, மருத்துவர் சொன்ன வேளை தவறாமல் கொடுக்க வேண்டும். "போதை மருந்தாயிற்றே, பழகிப்போனால் என்ன செய்வது?" என்று, நாட்கள் எண்ணப்படும் ஒருவரை முன்னால் வைத்துக்கொண்டே கவலைப்படும் உறவினர்கள் உண்டு. மருத்துவர் மேற்பார்வையில், வலிக்கு ஏற்ற அளவில் கொடுக்கும்போது அடிமைத்தனம் ஏற்படுவது அரிது. அது ஆயுளைக் குறைப்பதுமில்லை. முதல் சில நாள் குமட்டலும் தூக்கமும் இருந்து தணியும். மலச்சிக்கல் மட்டும் விடாது. ஆகையால் மார்பீனோடு மலமிளக்கியையும் சேர்த்து எழுதாத வைத்தியர், என்னைக் கேட்டால், பாதி வேலையே செய்தவராவார்.

இதில் ஒரு விபரீதமும் உண்டு. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசாங்க உரிமம் பெற்று அபினி பயிரிடும் இந்தியாவில், 1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள் சட்டம் விதித்த பலவகை உரிமங்களுக்கும் தண்டனைகளுக்கும் பயந்து, ஆஸ்பத்திரிகளும் மருந்துக் கடைகளும் மார்பீனைக் கைகழுவின. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு நடைமுறை எளிதான பின்பும் பழைய அச்சம் முற்றிலும் அகலவில்லை.

புண்ணும் நாற்றமும்

தோலைப் பிளந்துகொண்டு வெளிவரும் புற்றுப் புண்ணில் வலியைவிடக் கொடியது அதன் நாற்றம். பேரப்பிள்ளைகள் அருகில் வராமல், மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு தட்டை வைத்துவிட்டு நகர, வீட்டின் பின்கட்டில் தனியே கிடக்கும் நோயாளி வாழ்வையே வெறுத்துவிடுகிறார். அநேகமாக ஆக்ஸிஜனின்றி வளரும் கிருமிகளே இதற்குக் காரணம். மெட்ரோனிடசோல் என்ற மலிவான மாத்திரையைப் பொடித்து, உப்புநீரால் கழுவிய புண்ணின் மேல் தூவிக் கட்டினால், சில நாட்களில் நாற்றம் வெகுவாக அடங்கும். மருத்துவரோ செவிலியரோ ஒருமுறை செய்து காட்டினால், பிறகு வீட்டார் தாமே செய்யலாம். அசைய முடியாதவரை இரண்டு மணிக்கொரு முறை திருப்பிப் படுக்க வைப்பதும் இதைப் போன்றதொரு எளிய சிசுருஷையே.

உணவு இறங்காத நாட்கள்

கடைசி நாட்களில் பசியும் தாகமும் குறைவது உடலின் இயல்பு. சாப்பிடாததால்தான் இறக்கிறார் என்று எண்ணி வருந்துவது தவறு. நினைவு மங்கியவரின் வாயில் பாலையோ கஞ்சியையோ அன்பின் மிகுதியால் ஊற்றினால், அது மூச்சுக்குழலில் இறங்கி மூச்சை அடைக்கக்கூடும். அதற்குப் பதிலாக, ஈரத்துணியால் உதட்டையும் நாவையும் அடிக்கடி நனைத்துவிடலாம். தொண்டையில் சளி கரகரக்கும் ஓசை கேட்போரைக் கலக்கினாலும், அந்நிலையில் நோயாளிக்கு அது பெரும்பாலும் துன்பம் தருவதில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்தால் குறையும்.

எப்போது, யாரிடம் கேட்பது?

ஆதரவுச் சிகிச்சை மரணப் படுக்கைக்கு மட்டும் உரியது என்று ஒதுக்குவோருக்கு ஒரு செய்தி: 2010-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், பரவிய நுரையீரல் புற்றுநோயாளிகளில், வழக்கமான வைத்தியத்தோடு தொடக்கத்திலேயே இதையும் பெற்றவர்கள், பெறாதவர்களைவிட நிம்மதியாக இருந்ததோடு, சராசரியாக இரண்டு மாதத்துக்கு மேல் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள். சிறுநீரகம், இருதயம், நுரையீரல் செயலிழந்தோருக்கும் இது உரியது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீடு தேடி வந்து அளிக்கும் ஆதரவுச் சிகிச்சையும் அடங்கும். வீட்டில் இத்தகைய நோயாளி இருப்போர், சிகிச்சைச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று, இச்சேவை வேண்டும் என்று இன்றே பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.