கொச்சியின் புதிய உலர்துறை: பெரிய கப்பல்களுக்கு இடம் பிறந்தது எப்படி?

கரையை ஆழமாக வெட்டி, கடல் பக்கத்தில் மட்டும் கதவு வைத்துக் கட்டிய பிரமாண்டமான கான்கிரீட் தொட்டியே உலர்துறை. தொழிலாளர் பேச்சில் ‘டிரை டாக்’. கதவு திறந்திருக்கும்போது கப்பல் மிதந்து உள்ளே வரும். கதவை அடைத்து நீரை இறைத்துவிட்டால், அதுவரை நீருக்குள் மறைந்திருந்த கப்பலின் அடிப்பகுதி முழுவதும் மனிதர் நடந்து சென்று வேலை பார்க்கும் இடமாகிவிடும்.

கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் இப்படி இரண்டு உலர்துறைகள் முன்பே இருந்தன. மூன்றாவது, 2024 ஜனவரி 17 அன்று பிரதமர் நரேந்திர மோடியால் திறந்துவைக்கப்பட்டது. நீளம் 310 மீட்டர், ஆழம் 13 மீட்டர். அகலம் ஒரு பகுதியில் 75 மீட்டர், மறு பகுதியில் 60 மீட்டர். செலவு சுமார் 1,800 கோடி ரூபாய்.

கப்பல் ஏன் கரையேற வேண்டும்?

உலர்துறையின் தேவையைக் காரைக்கால் கரையிலேயே காணலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் காரைக்காலையும் அதை அடுத்த நிரவியையும் ஒட்டிய கடற்கரையில் விசைப்படகுகள் கரையேற்றப்படுகின்றன. அடியில் ஒட்டிய பாசியையும் சிப்பியையும் சுரண்டி, பழுது நீக்கி, வண்ணம் பூசி மீண்டும் கடலில் இறக்குகிறார்கள்.

பெரிய கப்பலுக்கும் இதே பராமரிப்பு வேண்டும். அடியில் பாசி படர்ந்தால் ஓட்டம் குறைந்து எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். உப்புநீர் இரும்புத் தகட்டை அரிக்கும். சுக்கான், உந்துவிசிறி, கடல்நீர் உள்ளே வரும் வால்வுகள் ஆகியவற்றை நீருக்குள் வைத்து முழுமையாகச் சீர்செய்ய முடியாது. சரக்குக் கப்பலின் அடிப்பகுதியை ஐந்து ஆண்டுகளுக்குள் குறைந்தது இரண்டு முறை ஆய்வு செய்ய வேண்டும் என்பது சர்வதேச விதி. படகை மணலில் இழுத்து ஏற்றலாம். 300 மீட்டர் நீளக் கப்பலை அப்படி ஏற்ற முடியாது. அதனால் கப்பலை அசைக்காமல் அதைச் சுற்றியுள்ள நீரை அகற்றுகிறார்கள்.

பழைய துறைகளின் எல்லை

கொச்சி தளத்துக்கு 1972இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். இங்கு கட்டிய முதல் கப்பலான ‘ராணி பத்மினி’ 1981இல் ஒப்படைக்கப்பட்டது. கட்டுமானத் துறையின் அகலம் 43 மீட்டர். பழுதுபார்க்கும் துறையின் அகலம் 45 மீட்டர். அந்தக் காலத்துக் கப்பல்களுக்கு இது தாராளம். பின்னர் கப்பல்கள் நீளத்தோடு அகலத்திலும் வளர்ந்தன. திரவ இயற்கை எரிவாயு ஏற்றிவரும் கப்பல்கள் பொதுவாக 290 மீட்டர் நீளமும் 43 முதல் 49 மீட்டர் அகலமும் கொண்டவை. கொச்சியை ஒட்டிய புதுவைப்பில் 2013 முதல் எரிவாயு முனையம் இயங்குகிறது. அங்கு சரக்கை இறக்கும் அளவுள்ள கப்பல்களுக்கு, அதே துறைமுகத்தின் பழுதுபார்க்கும் துறையில் இடம் போதவில்லை.

இன்னொரு நெருக்கடி காலம் பற்றியது. விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்துக்கு 2009 பிப்ரவரியில் ஏரா, அதாவது அடிமரம் நாட்டப்பட்டது. 2013 ஆகஸ்டில் அது நீரில் இறக்கப்பட்டது. 2022 செப்டம்பர் 2இல் கடற்படையில் சேர்ந்தது. அதன் மேல்தளம் 62 மீட்டர் அகலம். நீர்மட்டத்தில் உடல் அதைவிடக் குறுகலாக இருந்ததால்தான் 43 மீட்டர் துறைக்குள் அதைக் கட்ட முடிந்தது. இத்தகைய ஒரு கப்பல் துறையை ஆண்டுக்கணக்கில் பிடித்துக்கொண்டால், அடுத்த பெரிய வேலை வாசலில் காத்திருக்க வேண்டும். கப்பல் தளத்தில் ஆட்களைக் கூட்டலாம், கிரேன்களை வாங்கலாம். துறை காலியாக இல்லாவிட்டால் எதுவும் நடக்காது.

நீர் வெளியேறும் முறை

முதலில் துறையின் தரையில் தாங்குகட்டைகள் அடுக்கப்படுகின்றன. கப்பலின் எடையைத் தாங்கும் வலுவான பகுதிகள் எங்கே உள்ளன என்பதைக் காட்டும் வரைபடத்தின்படி இவை வைக்கப்படும். பிறகு மதகு வழியாக நீரை நிரப்பி, கதவை அகற்றிக் கப்பலை உள்ளே கொண்டுவருவார்கள். பெரும்பாலான துறைகளில் இந்தக் கதவே ஒரு மிதவைதான். வெற்று அறைகளில் நீர் ஏற்றினால் அமிழ்ந்து வாசலை அடைக்கும். நீரை வெளியேற்றினால் மிதந்து விலகும்.

கொச்சியின் புதிய துறையில் 9.5 மீட்டர் நீர் நின்றால் அதன் அளவு ஏறத்தாழ 20 கோடி லிட்டர். கப்பல் உள்ளே இருக்கும்போது, அது இடம்பெயர்த்த அளவுக்கு இறைக்க வேண்டிய நீர் குறையும். நீர் இறங்க இறங்கக் கப்பல் கட்டைகளின் மேல் உட்காரும். அந்தத் தருணம்தான் மிக நுட்பமானது. கப்பல் சற்றே சாய்ந்தாலும், ஒரு கட்டை இடம் மாறி இருந்தாலும், ஆயிரக்கணக்கான டன் எடை ஒரே புள்ளியில் விழும்.

அடியிலிருந்து தள்ளும் நீர்

துறையைக் கட்டும் பொறியாளர் அதிகம் அஞ்சுவது வெற்றுத் துறையைத்தான். தரைக்கு அடியிலுள்ள நிலத்தடி நீர், தொட்டியைப் படகுபோல் மேலே தூக்கப் பார்க்கும். நீர் 12 மீட்டர் உயரத்துக்கு நின்றால், தரையின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் 12 டன் விசை மேலே தள்ளும். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டின் எடை சுமார் 2.4 டன். எடையால் மட்டுமே எதிர்க்க வேண்டுமானால் தரை ஐந்து மீட்டர் தடிமன் இருக்க வேண்டும். அதனால் ஆழமான தூண்களை மண்ணில் இறக்கித் தரையைக் கீழ்நோக்கிப் பிணைப்பதும், அடியில் வடிகால் அமைத்து நீரின் அழுத்தத்தைக் குறைப்பதும் உலகெங்கும் வழக்கம். கொச்சிக் காயலின் அடிமண் மென்மையான கடற்களிமண் என்பதால் அடித்தள வேலை இன்னும் கடினமாகிறது.

இயங்கும் தளத்துக்குள் புதிய கட்டுமானம்

2018 அக்டோபர் 30இல் அடிக்கல் நாட்டியதிலிருந்து திறப்பு விழா வரை ஐந்து ஆண்டுகளுக்கு மேலாயின. பொதுவாக இத்தகைய வேலையில் முதலில் கடலைத் தடுக்கும் தற்காலிக அணை எழும். அதன் பாதுகாப்பில் பள்ளம் தோண்டப்படும். வேலை முடிந்து கதவு பொருத்திய பிறகே அணை அகற்றப்படும். அருகிலேயே வேறு துறைகள் இயங்கும்போது, நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்தால் பக்கத்துக் கட்டடங்களின் மண் அமிழலாம். கப்பல்கள் வந்துபோகும் வழியையும் மறிக்கக் கூடாது.

புதிய துறையில் 600 டன் தூக்கும் கேன்ட்ரி கிரேன் உள்ளது. இதனால் கப்பலின் பகுதிகளைத் தனியே செய்து, பெரிய தொகுதிகளாக இறக்கிப் பொருத்த முடியும். புதிய துறை திறக்கப்பட்ட அதே நாளில், கொச்சியின் வெலிங்டன் தீவில் 970 கோடி ரூபாயில் பழுதுபார்க்கும் மையமும் திறக்கப்பட்டது. அங்குள்ள தூக்குமேடை 6,000 டன் வரையிலான கப்பலை நீரிலிருந்து உயர்த்தித் தரைத்தண்டவாளத்துக்கு மாற்றும். சிறிய கப்பல்கள் அங்கே போவதால் பெரிய துறைகளின் நாட்கள் மிச்சமாகின்றன.

உயிர்ப் பாதுகாப்பு

கப்பலின் அடியறைகள் குறுகியவை, காற்றோட்டம் அற்றவை. வெட்டவும் ஒட்டவும் பயன்படும் வாயு கசிந்து தேங்கினால் ஒரு பொறி போதும். 2018 பிப்ரவரி 13இல், கொச்சியில் பழுதுபார்ப்பில் இருந்த ஓஎன்ஜிசியின் துளையிடும் கப்பல் ‘சாகர் பூஷண்’ வெடிவிபத்துக்கு உள்ளாகி ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அந்த நிறுவனத்தின் காவிரிப் படுகை அலுவலகம் நிரவியில் இருக்கிறது. எண்ணெய் வயல் வேலையை அறிந்த குடும்பங்கள் இங்கு பல. அறைக்குள் நுழையும் முன் வாயுவை அளப்பதும், வெளியே ஓர் ஆள் காவல் நிற்பதும் எந்தத் துறையிலும் ஒரு நாள்கூடத் தவறக் கூடாத கடமைகள்.

காவிரி டெல்டா கரைக்கு என்ன பொருள்?

நிரவிக்குத் தெற்கே, கீழவாஞ்சூரில் 2009 முதல் இயங்கும் காரைக்கால் துறைமுகம் சரக்குத் துறைமுகம். ஆற்று வண்டலும் மணலும் சேரும் கரையில் கப்பல் வழியின் ஆழத்தைக் காக்கத் தூர்வாரிக்கொண்டே இருக்க வேண்டும். உலர்துறைக்கு அந்த ஆழத்தோடு காற்று, அலைகளிலிருந்து ஒதுங்கிய நீர்ப்பரப்பும், ஆண்டு முழுவதும் வேலை தரும் கப்பல்களும், தேர்ந்த வெல்டர்களும் பிட்டர்களும் வேண்டும். இவை ஒன்றாகச் சேரும் இடங்கள் குறைவு. தமிழ்நாட்டில் தூத்துக்குடியில் கப்பல் கட்டும் தளம் அமைக்க கொச்சி நிறுவனம் 2025 செப்டம்பரில் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. மத்திய அரசும் அதே மாதம் 69,725 கோடி ரூபாய் கப்பல் கட்டும் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. தளம் எழ ஆண்டுகள் பிடிக்கும். கைத்திறன் வளரவும் அவ்வளவு காலம் வேண்டும். டெல்டா மாவட்டங்களின் தொழிற்பயிற்சி நிலையங்களில் வெல்டிங் படிக்கும் இளைஞர்களை அந்த வேலைக்கு இப்போதே தயார்செய்யத் தொடங்கினால், தளம் திறக்கும் நாளில் ஆட்கள் இருப்பார்கள்.