மரை போன போல்ட்டு: வீட்டில் எவ்வளவு தூரம் சரிசெய்யலாம்?

ராத்திரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மேட்டு லயத்திலிருந்து மடவளைக்கோ கண்டிக்கோ கொண்டுபோக நம் குடும்பங்கள் பலவற்றுக்கு மோட்டார் சைக்கிள்தான் ஆம்புலன்ஸ். அந்த பைக்கின் ஒயில் போல்ட்டு "சும்மா சுத்துது, பிடிக்கவே மாட்டேங்குது" என்று பலர் எங்களிடம் வந்து சொல்கிறார்கள். போல்ட்டு வழியில் கழன்று ஒயில் கொட்டினால் எஞ்சின் இறுகிப்போகும். ஆகவே இம்முறை மரையைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

போல்ட்டு இரும்பு. எஞ்சின் உடம்பு அலுமினியம். அளவுக்கு மிஞ்சி முறுக்கினால் மெதுவான அலுமினிய மரைதான் கழன்று வரும். ஒயில் போல்ட்டில் பெரும்பாலும் குற்றவாளி வாஷர்தான். நசுங்கிய பழைய வாஷரையே திரும்பப் போடுகிறோம்; ஒயில் சொட்டுது; இன்னும் கொஞ்சம் இறுக்குகிறோம். இரண்டு மூன்று தடவையில் மரை போச்சு. ஒயில் மாற்றும்போதெல்லாம் புது வாஷர் போடுங்கள்.

இன்னொரு காரணம் தோட்டத்துக்கே உரியது. ஃபெக்டரியின் பழைய மெஷின்களில் இருப்பவை பெரும்பாலும் அங்குல அளவுப் போல்ட்டுகள், 1841இல் இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் வகுத்த மரை. ஜப்பான், இந்திய பைக்குகளோ மில்லிமீட்டர் கணக்கு. கால் அங்குலப் போல்ட்டின் விட்டம் 6.35 மி.மீ., ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி 1.27 மி.மீ. பைக்கின் கவர் போல்ட்டு பெரும்பாலும் 6 மி.மீ., இடைவெளி 1 மி.மீ. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். முதல் இரண்டு சுற்று "நல்லா பிடிக்குது" என்று தோன்றும், பிறகு மரையை அறுத்துவிடும். எங்களில் ஒருவர் இப்படித்தான் ஒரு கிளச் கவரைக் கெடுத்தார். பெயர் சொல்லமாட்டோம், இந்தப் பக்கத்தில் எழுத்துப் பிழை பார்ப்பவரும் அவர்தான்.

சரி, கவர் போல்ட்டின் மரை போய்விட்டது. உடனே காசு செலவழிக்க வேண்டாம். மெல்லிய கம்பியை ஓட்டைக்குள் விட்டு ஆழத்தை அளந்து பாருங்கள். பல ஓட்டைகளில் பழைய போல்ட்டு எட்டாத அடிப்பகுதியில் நல்ல மரை மிச்சம் இருக்கும். அப்படியானால் 5 மி.மீ. நீளம் கூடிய அதே அளவுப் போல்ட்டு போதும். ஆனால் நுனி ஓட்டையின் அடியில் முட்டக்கூடாது. முட்டியபின் முறுக்கினால் எஞ்சின் உடம்பே வெடிக்கும். சிலர் போல்ட்டில் நூலையோ பிளாஸ்டிக்கையோ சுற்றிப் போடுகிறார்கள். அது எஞ்சின் சூட்டுக்கும் அதிர்வுக்கும் நிற்காது.

மரை முழுக்கப் போயிருந்தால் ஹெலிகொயில் என்ற இரும்புக் கம்பிச் சுருள் வைக்கலாம். 6 மி.மீ. போல்ட்டுக்கு ஓட்டையை 6.3 மி.மீ. ட்ரில் பிட்டால் நேராகப் பெருப்பித்து, சுருளோடு வரும் மரை வெட்டும் டெப்பால் மரை வெட்ட வேண்டும். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் விடுங்கள். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. அவசரப்பட்டால் டெப் உள்ளேயே முறிந்துவிடும், அதை எடுப்பது பெரிய தலைவலி. ட்ரில் பிட்டிலும் டெப்பிலும் கிரீஸ் பூசினால் துகள் அதில் ஒட்டிக்கொள்ளும், எஞ்சினுக்குள் போவது குறையும். சுருளை மேல்மட்டத்திலிருந்து அரைச் சுற்று கீழே நிற்கும்படி திருகி, அடியிலுள்ள நாக்கைத் தட்டி முறித்து வெளியே எடுத்துவிடுங்கள். இந்தச் செட்டை ஒரு ஓட்டைக்காக ஒரு வீடு வாங்குவது வீண். நாலைந்து வீடு சேர்ந்து வாங்கலாம், இல்லாவிட்டால் லேத் பட்டறையில் கொடுக்கலாம்.

ஒயில் போல்ட்டு ஓட்டையையும் இப்படிச் செய்யலாம். ஆனால் அளவு பைக்குக்கு பைக் வேறு, பழைய போல்ட்டைக் கையோடு கொண்டுபோய்ப் பாருங்கள். வேலை முடிந்ததும் கொஞ்சம் ஒயிலை மேலிருந்து ஊற்றி, கீழே ஓடவிட்டுத் துகளைக் கழுவிவிட்டு மூடுங்கள். பிளக் மரையைத் தொடாதீர்கள், துகள் நேரே சிலிண்டருக்குள் விழும். பிரேக், சக்கர அச்சு, ஹேண்டில் போல்ட்டுகளும் வீட்டு வேலை இல்லை. அவற்றைக் கராஜில் கொடுங்கள்.

இறுக்கும் அளவுக்கு ஒரு கணக்கு. 10 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 10 கிலோ அழுத்தம், 6 மி.மீ. கவர் போல்ட்டுக்கு அவ்வளவுதான். பத்துக் கிலோ கொழுந்தின் கனத்தை உங்களுக்கு நாங்கள் சொல்லித் தரவேண்டியதில்லை. 12 மி.மீ. ஒயில் போல்ட்டுக்கு அதே அழுத்தம், 25 சென்டிமீட்டர் ஸ்பேனரில். குழாய் மாட்டி நீட்டி முறுக்க வேண்டாம்.

பிறகு எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, இரவில் அடியில் ஒரு காட்போட் அட்டை போட்டு வையுங்கள். விடிந்ததும் அட்டை காய்ந்திருந்தால் பைக்கை ரோட்டில் இறக்கலாம்.