24 மணி நேரத்தில் ஒரு கோட்டு

பாங்காக்கின் சுகும்வித் சாலையில் மாலை வேளையில் நடந்து செல்லும் வெளிநாட்டவரை, சில கடைகளுக்கு ஒருமுறை ஒருவர் கைநீட்டி நிறுத்துவார். "கோட்-சூட் வேண்டுமா சார்? நாளைக்கே தந்துவிடுகிறோம்" என்பார். நாம் இந்தியர் என்று தெரிந்துகொண்டால் பேச்சு ஹிந்திக்கு மாறும். அங்குள்ள தையற்கடைகளில் பல, இந்திய வம்சாவளியினர் நடத்துபவை.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி அழைக்கப்பட்டு உள்ளே சென்றவர்களில் நானும் ஒருவன். மகளின் திருமண வரவேற்புக்கு ஒரு கோட்டு தேவைப்பட்டது. ஊர் திரும்ப இரண்டு நாள்களே இருந்தன. ஒரு கோட்டு, இரண்டு கால்சட்டை, மூன்று சட்டை சேர்த்து ஒரே விலை. நம் ஊர்ப் பெரிய கடையில் ஆயத்தமாகத் தொங்கும் கோட்டின் விலையைவிடவும் குறைவு. மறுநாள் இரவே விடுதி அறைக்கு வந்து சேர்ந்தது. வரவேற்பில் அனைவரும் பாராட்டினர்.

முதல் உலர் சலவைக்குப் பிறகு, கோட்டின் மார்புப் பகுதி கொப்புளம் கண்டதுபோல ஆங்காங்கே உப்பிக்கொண்டது. எங்கள் பகுதியில் நாற்பது ஆண்டுகளாகத் தைக்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். உள்துணியைச் சற்றே பிரித்துப் பார்த்தவர், "இது தைத்த கோட்டு இல்லை சார், ஒட்டிய கோட்டு" என்றார்.

அவர் விளக்கிய பிறகுதான் கோட்டின் உள்ளமைப்பு எனக்குப் புரிந்தது. வெளித்துணிக்கும் லைனிங் துணிக்கும் நடுவே, கோட்டுக்கு வடிவம் தரும் மூன்றாவது அடுக்கு ஒன்று உண்டு. மரபான முறையில் அது குதிரை முடி கலந்து நெய்யப்பட்ட கேன்வாஸ் துணி. அதை ஆயிரக்கணக்கான சிறு தையல்களால் வெளித்துணியோடு தளர்வாக இணைப்பர். அணிபவரின் உடலுக்கேற்ப அது நாளடைவில் படிந்துகொள்ளும். விரைவு முறையிலோ, பசை தடவிய துணியை வைத்து வெப்ப அழுத்தத்தால் ஒட்டிவிடுவர். சில நிமிட வேலை. பசை தரமானதாக, ஒட்டியவிதம் சரியானதாக இருந்தால் அதுவும் பல ஆண்டுகள் உழைக்கும். இல்லாவிடில், சலவையில் பசை விட்டு, துணி உப்பும்.

லண்டனின் சாவில் ரோ தெருவில், ஒருவருக்கென்றே வெட்டித் தைக்கும் கோட்-சூட்டுக்குச் சுமார் 50 மணி நேரக் கைவேலை தேவை என்பார்கள். இடையில் நூலோட்டி நிறுத்திய நிலையில் பலமுறை அணிவித்துப் பார்ப்பர். கைக்கு வர மாதங்கள் ஆகும். அப்படியானால் 24 மணி நேரத்தில் தருபவர் என்ன செய்கிறார்? ஒன்று, வேலையில் பெரும்பகுதியைக் கைவிடுகிறார். அல்லது பலரை இரவு முழுவதும் கண்விழிக்கச் செய்கிறார். பெரும்பாலும் இரண்டுமே நடக்கின்றன.

இந்த அவசரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1949-இல் சீனாவில் ஆட்சி மாறியபோது, ஷாங்காயின் தேர்ந்த தையற்காரர்கள் பலர் ஹாங்காங்கில் குடியேறினர். சிந்தி வணிகர்கள் பலரும் அங்கே தையற்கடைகளை நடத்தினர். 1960-களில் வியத்நாம் போரிலிருந்து சில நாள் விடுப்பில் அமெரிக்க வீரர்கள் ஹாங்காங்குக்கும் பாங்காக்குக்கும் வந்தனர். விடுப்பு முடிவதற்குள் உடுப்பு கைக்கு வந்தாக வேண்டும். 24 மணி நேரக் கோட்டு புகழ்பெற்றது அந்தக் காலத்தில்தான். போர் முடிந்தது, வழக்கம் முடியவில்லை. வீரனின் இடத்தில் இன்று சுற்றுலாப் பயணி நிற்கிறார். யுனெஸ்கோவின் பாரம்பரியச் சின்னமாக 1999-இல் அறிவிக்கப்பட்ட வியத்நாமின் ஹோய் ஆன் நகரில், தெருவுக்குத் தெரு தையற்கடைகள் பெருகியதற்கும் இந்தச் சுற்றுலாவே காரணம்.

அடுத்த முறை அலுவல் நிமித்தமாக ஆறு நாள்கள் பாங்காக் செல்ல நேர்ந்தபோது, வேறொரு கடைக்கு முதல் நாளே சென்றேன். மூன்றுமுறை அணிந்து பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையைக் கடைக்காரர் மகிழ்ச்சியோடு ஏற்றார். மாடியிலிருந்த தையற்கூடத்தையும் காட்டினார். வெட்டிய துணிகள் கட்டுக் கட்டாக அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு கட்டிலும் ஒரு சீட்டு; அதில் வாடிக்கையாளர் ஊருக்குப் புறப்படும் விமானத்தின் நேரம். "இந்த நேரத்தைப் பார்த்துத்தான் இவர்கள் தூங்கப் போவதை முடிவு செய்கிறார்கள்" என்றார் கடைக்காரர். அங்கிருந்தவர்களுக்கு மாதச் சம்பளம் இல்லை. உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. முந்தைய பயணத்தில் என் பெயரிலும் இப்படியொரு சீட்டு எங்கோ தொங்கியிருக்கும் என்று அப்போது தோன்றியது. ஏமாற்றப்பட்டதாக அதுவரை எண்ணியிருந்தேன். அவசரத்தைக் கேட்டு வாங்கியவனும் நானே அல்லவா?

வெளிநாட்டில் உடுப்புத் தைக்க விரும்புவோர் சிலவற்றைக் கருத்தில் கொள்வது நல்லது. பயணத்தின் முதல் நாளிலேயே அளவு கொடுங்கள். இரண்டு முறையேனும் அணிந்து பார்க்க இடமிருக்கட்டும். ஆட்டோ ஓட்டுநர் அழைத்துச் செல்லும் கடையைத் தவிருங்கள். அவருக்குரிய தரகு உங்கள் விலையில்தான் சேரும். கடையில் தொங்கும் கோட்டு ஒன்றின் கீழ்ப் பொத்தான் அருகே வெளித்துணியையும் லைனிங்கையும் இரு விரல்களால் தனித்தனியே பிடித்து இழுத்துப் பாருங்கள். நடுவில் மூன்றாவது துணி ஒன்று தனியே நழுவினால் அது கேன்வாஸ்.

'சூப்பர் 150' போன்ற எண்களைக் கண்டு மயங்க வேண்டாம். அது கம்பளி இழையின் நுண்மையைக் குறிப்பது. சூப்பர் 100 என்றால் இழையின் சராசரித் தடிமன் 18.75 மைக்ரானுக்கு மிகாது. 150 என்றால் 16.25 மைக்ரான். எண் கூடக்கூட மென்மை கூடும். எளிதில் கசங்கும், விரைவில் தேயும். துணி கம்பளிதானா என்று ஐயம் எழுந்தால், ஓர் இழையை எரித்துக் காட்டச் சொல்லலாம். கம்பளி முடி கருகும் வாடையோடு பொடியாகும்; பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். சட்டைகள் என்றால் முதலில் ஒன்றைத் தைத்து, துவைத்து, அணிந்து பார்த்த பிறகே மற்றவற்றுக்குச் சொல்லுங்கள். பருத்தி சுருங்கும். தையலின் உள்மடிப்பில் கூடுதல் துணி விடச் சொல்லுங்கள். வயது ஏற ஏற இடுப்பளவு நம் சொல் கேட்பதில்லை.

இவற்றுக்கெல்லாம் நேரமில்லை என்றால், கடையில் தொங்கும் ஆயத்தக் கோட்டை வாங்குவதே நேர்மையானது. அதில் எவருக்கும் ஏமாற்றமில்லை.

ஆறு நாளில் தைத்த கோட்டை எங்கள் பகுதிப் பெரியவரிடம் காட்டினேன். உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தவர், "நிதானமாகச் செய்திருக்கிறார்கள்" என்றார். பிறகு சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தார். பொங்கலுக்கு இன்னும் நான்கு நாள்களே இருந்தன. அவர் மேசையிலும் துணிகள் குவிந்து கிடந்தன. என் சட்டைத் துணியும் அந்தக் குவியலில்தான் இருந்தது. "எனக்குப் பண்டிகைக்குப் பிறகு கொடுத்தால் போதும் ஐயா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.