பொறுப்பைச் சுமப்பவர் மனம் சோரும்போது



ஜமாஅத் நிர்வாகத்திலோ, மதரஸா கமிட்டியிலோ, பைத்துல்மாலிலோ ஆர்வத்தோடு பொறுப்பேற்றவர்கள் ஓரிரு ஆண்டுகளிலேயே, "போதும், இனி வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்" என்று ஒதுங்குவதை எல்லா ஊர்களிலும் பார்க்கிறோம். நம் மேலூரும் இதற்கு விலக்கல்ல. ஒதுங்குகிறவர்கள் வேலைக்குப் பயந்தவர்கள் அல்லர். பெரும்பாலும் அதிகமாக வேலை செய்தவர்களே ஒதுங்குகிறார்கள்.

அப்படி ஒருவர் விலகும்போது உண்மையான நஷ்டம் யாருக்கு? மாதந்தோறும் அரிசியை எதிர்பார்த்திருக்கும் ஆதரவற்ற தாய்க்கு. கல்லூரிக் கட்டணத்தின் கடைசித் தேதியை எண்ணிக்கொண்டிருக்கும் மாணவிக்கு. நள்ளிரவில் மய்யித்தை வைத்துக்கொண்டு, கஃபனுக்கும் கப்ருக்கும் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் நிற்கும் குடும்பத்துக்கு. இவர்களை நினைத்துத்தான் இம்மாதம் இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டோம்.

சோர்வு எங்கிருந்து வருகிறது?

எல்லாச் சோர்வும் ஒரே வகை அல்ல. வகை தெரிந்தால்தான் மருந்து தெரியும்.

முதலாவது, மக்கள் செவிசாய்க்காததால் வரும் சோர்வு. கூட்டம் போட்டால் பத்துப் பேர் வருவார்கள், சந்தா கேட்டால் அடுத்த மாதம் என்பார்கள். இரண்டாவது, பழிச்சொல்லால் வருவது. தன் கைக்காசைப் போட்டு அலைந்தவரைப் பார்த்தே, "இவருக்கு இதில் என்ன லாபமோ" என்று டீக்கடையில் யாராவது பேசுவார்கள். மூன்றாவது, நம்மோடு இருந்தவர்களே பாதியில் கைவிடுவதால் வருவது. நான்காவது, உடலும் குடும்பமும் தாங்காத அளவுக்கு வேலையை ஒருவரே சுமப்பதால் வருவது. இந்த நான்குக்கும் நம் மார்க்க வரலாற்றில் தெளிவான வழிகாட்டல் இருக்கிறது.

தாயிஃபின் பாடம்

நபித்துவத்தின் பத்தாவது ஆண்டில் அன்னை கதீஜா (ரலி) அவர்களும், பாதுகாப்பாக இருந்த அபூதாலிபும் அடுத்தடுத்து இறந்தார்கள். துக்க ஆண்டு என்றே அதற்குப் பெயர். அந்த நிலையில்தான் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஸைத் பின் ஹாரிஸா (ரலி) அவர்களை அழைத்துக்கொண்டு தாயிஃப் நகருக்குச் சென்றார்கள். அந்த ஊர்த் தலைவர்கள் ஏளனம் செய்தார்கள். ஊர்ச் சிறுவர்களையும் அடிமைகளையும் ஏவிவிட்டுக் கல்லால் அடிக்க வைத்தார்கள். பாதங்களில் ரத்தம் வழிய, ஒரு திராட்சைத் தோட்டத்தின் நிழலில் அண்ணலார் அமர வேண்டியிருந்தது. அன்று அவர்களுக்கு ஆறுதலாக அமைந்தவர் அத்தாஸ் என்ற கிறிஸ்தவப் பணியாளர் ஒருவர் மட்டுமே.

அந்த ஊரை அழித்துவிடட்டுமா என்று மலைகளுக்குரிய வானவர் கேட்டபோது அண்ணலார் வேண்டாம் என்றார்கள். இவர்களுடைய சந்ததியிலாவது அல்லாஹ்வை மட்டும் வணங்குவோர் வருவார்கள் என்று நம்பினார்கள். ஏறத்தாழ பத்து ஆண்டுகள் கழித்து, ஹிஜ்ரி 9-இல், தாயிஃப் மக்கள் தாமாகவே மதீனாவுக்குத் தூதுக்குழு அனுப்பி இஸ்லாத்தை ஏற்றார்கள். நம் கூட்டத்துக்கு இன்று பத்துப் பேர்தான் வந்தார்கள் என்பதற்காக நம் வேலை வீண் என்று எண்ணிவிடக் கூடாது. முயற்சிதான் நம் கையில் இருக்கிறது, பலனுக்குரிய நாள் அல்லாஹ்விடம் இருக்கிறது. நபி நூஹ் (அலை) அவர்கள் 950 ஆண்டுகள் அழைத்தும் சிலரே உடன் வந்தார்கள். அதனால் அவர்களுடைய அந்தஸ்து குறைந்துவிடவில்லை.

உஹதுக்குப் பின்னும் ஆலோசனை

நம்மோடு இருந்தவர்களே கைவிடும்போது என்ன செய்வது? உஹதுப் போருக்கு முன் ஊருக்குள் இருந்தே எதிர்கொள்ளலாம் என்பது நபி (ஸல்) அவர்களின் எண்ணமாக இருந்தது. வெளியே சென்று போரிட வேண்டும் என்று இளைஞர்கள் பலர் விரும்பினார்கள். அண்ணலார் அதை ஏற்றார்கள். களத்தில் வில்வீரர்களில் பெரும்பாலோர் தங்கள் இடத்தைவிட்டு இறங்கினார்கள். ஹம்ஸா (ரலி) அவர்கள் உட்பட ஏறக்குறைய எழுபது தோழர்கள் ஷஹீதானார்கள்.

இனி யாரிடமும் யோசனை கேட்பதில்லை என்று எந்தத் தலைவருக்கும் தோன்றக்கூடிய நேரம் அது. ஆனால் அந்தப் போருக்குப் பிறகு இறங்கிய ஆல இம்ரான் அத்தியாயத்தின் 159-வது வசனம், தோழர்களிடம் மென்மையாக நடந்து, அவர்களை மன்னித்து, அவர்களுக்காகப் பாவமன்னிப்புக் கேட்டு, காரியங்களில் அவர்களோடு மஷூரா செய்யுமாறு கட்டளையிட்டது. தவறு செய்தவர்களை ஒதுக்கிவிட்டுத் தனியாக நடத்த அனுமதி வரவில்லை. "இவர்களை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது" என்ற சொல் நம் நாவுக்கு வரும்போதெல்லாம் இதை நினைவுகூர வேண்டும்.

ஹுதைபிய்யா உடன்படிக்கை ஏற்பட்ட நாளிலும் இப்படி ஒரு நிலை வந்தது. உம்ரா செய்யாமல் திரும்ப வேண்டியிருந்த துயரத்தில், குர்பானி கொடுக்கச் சொல்லியும் தோழர்கள் எழவில்லை. உம்மு ஸலமா (ரலி) அவர்கள் ஒரு யோசனை சொன்னார்கள்: யாரிடமும் எதுவும் பேசாமல் தாங்களே முதலில் சென்று அறுத்து, தலைமுடி மழித்துக்கொள்ளுங்கள். நபி (ஸல்) அவர்கள் அப்படியே செய்தார்கள். அதைக் கண்டதும் அனைவரும் எழுந்தார்கள். பேச்சு எடுபடாத இடத்தில் செயல் எடுபடும் என்பதும், நல்ல ஆலோசனை வீட்டுப் பெண்களிடமிருந்தும் வரும் என்பதும் இதில் உள்ள பாடங்கள்.

நம் மண்ணிலிருந்து ஒரு சான்று

"அவர்கள் நபியும் ஸஹாபாக்களும், நாம் அப்படியா?" என்று சிலர் கேட்கலாம். நம் மொழி பேசி, நமக்கு முந்தைய தலைமுறையில் வாழ்ந்த ஒருவரைப் பார்ப்போம். 1896 ஜூன் 5 அன்று திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த முஹம்மது இஸ்மாயில் சாஹிப், நாம் காயிதே மில்லத் என்று அழைப்பவர். அவருடைய கட்சி அரசியலைப் பற்றி இங்கே பேச வரவில்லை. நெருக்கடியில் அவர் நடந்துகொண்ட முறையைத்தான் பார்க்கிறோம்.

1947 பிரிவினைக்குப் பின் செல்வாக்குள்ள தலைவர்கள் பலர் பாகிஸ்தானுக்குச் சென்றுவிட்டார்கள். இங்கேயே இருந்தவர்களைச் சந்தேகத்தோடு பார்த்த காலம் அது. அமைப்பைக் கலைத்துவிடுங்கள் என்று வெளியாரும் சொன்னார்கள், உள்ளே இருந்தவர்களும் சொன்னார்கள். 1948 மார்ச் 10 அன்று, இன்று ராஜாஜி மண்டபம் எனப்படும் சென்னைக் கட்டடத்தில் கூடியவர்கள், தொடர்ந்து இயங்குவது என்று முடிவெடுத்து அவரைத் தலைவராக்கினார்கள். ஆள் பலமும் புகழும் தரும் பதவியாக அது அன்று இருக்கவில்லை.

அதே ஆண்டு நவம்பர் 23 அன்று அரசியல் நிர்ணய சபையில், எந்தச் சமூகத்தையும் அதன் தனியார் சட்டத்தைக் கைவிடக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அது ஏற்கப்படவில்லை. ஆனாலும் அவர் கோபித்துக்கொண்டு சபையைவிட்டுப் போகவில்லை. கண்ணியமான சொற்களில் தன் கருத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தார். பின்னர் மாநிலங்களவையிலும், 1962, 1967, 1971 தேர்தல்களில் கேரளத்தின் மஞ்சேரியிலிருந்து தேர்வாகி மக்களவையிலும் பணியாற்றினார். 1972 ஏப்ரல் 5 அன்று வஃபாத்தாகும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். சென்னை வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கமாகியிருக்கிறார். கொண்டுவந்த திருத்தங்கள் தோற்றாலும், தளராமல் நின்ற அந்த நிலைக்காக மாற்றுக் கட்சியினரும் அவரை மதித்தார்கள்.

கல்விப் பணியிலும் இதே பொறுமையைக் காண்கிறோம். தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் தொடங்கப்பட்டது 1902-இல். அது சென்னையில் புதுக்கல்லூரியைத் திறந்தது 1951-இல். இடையில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு. விதை போட்டவர்களில் எத்தனை பேர் அந்தக் கல்லூரி மணியோசையைக் கேட்டிருப்பார்கள்? நமக்கு அருகில் மதுரையில் உள்ள வக்ஃபு வாரியக் கல்லூரி 1964-இல் வந்தது. அதில் படித்துப் பட்டம் பெற்றவர்களுக்கு அதற்காக அலைந்தவர்களின் பெயர் தெரியாமல் இருக்கலாம். அல்லாஹ்வுக்குத் தெரியும்.

பொறுப்பாளர்கள் செய்யக்கூடியவை

நிய்யத்தைப் புதுப்பித்துக்கொள்வோம். பாராட்டை எதிர்பார்த்துத் தொடங்கிய வேலை, பாராட்டு நின்றதும் நின்றுவிடும். அபூபக்ர் (ரலி) அவர்கள் அண்டை வீட்டாரின் ஆடுகளைக் கறந்து கொடுத்துவந்தார்கள். கலீஃபா ஆன பின்பும் அதை நிறுத்தவில்லை.

கணக்கைத் திறந்து வைப்போம். கேள்வி கேட்பதெல்லாம் பழி அல்ல. உமர் (ரலி) அவர்களிடம், உங்கள் சட்டைக்கு மட்டும் கூடுதல் துணி எங்கிருந்து வந்தது என்று ஒருவர் சபையிலேயே கேட்டதாகவும், மகனின் பங்கைச் சேர்த்துத் தைத்தது என்று மகன் மூலமே விளக்கம் அளித்ததாகவும் சொல்லப்படுகிறது. கலீஃபாவே கோபப்படவில்லை. ரசீது இல்லாமல் பணம் வாங்காமலும், வரவு செலவை மாதந்தோறும் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டியும் வந்தால், பாதிப் பேச்சு தானாக அடங்கிவிடும். மீதிப் பேச்சுக்கு ஸப்ருதான் மருந்து.

வேலையைப் பிரிப்போம். ஒரே செல்போன் எண்ணில் ஊரின் எல்லா அவசரமும் வந்து விழக் கூடாது. மய்யித் காரியங்களுக்கு இருவர், மருத்துவ உதவிக்கு இருவர், கல்வி உதவிக்கு இருவர் என்று வைத்தால் ஒருவர் ஊரில் இல்லாவிட்டாலும் காரியம் நடக்கும். எப்போதும் குறை சொல்லும் சகோதரரையும் அதில் ஒரு வேலைக்குச் சேர்த்துப் பார்க்கலாம்.

உடலுக்கும் வீட்டுக்கும் உரிமை உண்டு. பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த அபுத்தர்தா (ரலி) அவர்களிடம், உடலுக்கும் மனைவிக்கும் உரிய உரிமையைக் கொடுங்கள் என்று ஸல்மான் (ரலி) அவர்கள் எடுத்துச் சொன்னபோது, அதைச் சரி என்று நபி (ஸல்) அவர்கள் உறுதிப்படுத்தினார்கள்.

பதவி மாறினாலும் பணியை விட வேண்டாம். படைத் தளபதி காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டபோது வீட்டுக்குப் போய்விடவில்லை. புதிய தளபதி அபூ உபைதா (ரலி) அவர்களின் கீழ் அதே படையில் நின்றார்கள். முடியாத நிலை வந்தால் அடுத்தவரைப் பழக்கி, கணக்கையும் சாவியையும் முறையாக ஒப்படைத்து விலகுவதும் அமானிதத்தைச் சேர்ந்ததே. அது தோல்வி அல்ல.

குடும்பங்கள் செய்யக்கூடியவை

சந்தாவைக் கேட்டு வரும்முன் கொடுத்துவிடுங்கள். ஐயம் இருந்தால் நேரில் கேளுங்கள், தெருவில் பேசாதீர்கள். ரமலானில் நோன்புக் கஞ்சி ஊற்றவும், பெருநாளுக்கு முன் ஃபித்ரா அரிசி பிரிக்கவும் உங்கள் பிள்ளைகளை ஒரு மணி நேரம் அனுப்புங்கள். நாளைய பொறுப்பாளர்கள் அங்கேதான் உருவாகிறார்கள். பொறுப்பாளர்களின் வீட்டுப் பெண்கள் தாமதமான இரவுகளையும் ஆறிப்போன சாப்பாட்டையும் பொறுத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கும் நன்மையில் பங்கு உண்டு. அவர்களைச் சந்திக்கும்போது "உங்க வீட்டுக்காரர் செய்யறது பெரிய காரியம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த வார்த்தை ஒரு வருட உழைப்புக்குத் தெம்பு தரும்.

நம் பணியாளர்களின் உள்ளங்களில் இக்லாஸையும், கால்களில் உறுதியையும், குடும்பங்களில் பரக்கத்தையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.