பறையைக் கற்பிக்கும் முன் கலைஞரை அறிவோம்

2022ஆம் ஆண்டு முதல் நம் பள்ளிகளில் கலைத் திருவிழா நடைபெற்று வருகிறது. ஆண்டு விழாக்களிலும் பறையாட்டத்துக்குத் தனி வரவேற்பு உண்டு. கலை மேடையேறிவிட்டது. அதைத் தலைமுறைகளாகக் காத்து வந்தவர்களும் மேடையேறிவிட்டார்களா? ஆசிரியர்களாகிய நாம் யோசிக்க வேண்டிய கேள்வி இது.

'பறை' என்ற சொல்லுக்குச் 'சொல்' என்றும் பொருள். மலையாளத்தில் இன்றும் பேசுவதைப் பறைதல் என்பார்கள். தொல்காப்பியம் நிலத்துக்குரிய கருப்பொருள்களில் ஒன்றாகப் பறையை வைக்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என ஒவ்வொரு திணைக்கும் ஒரு பறை இருந்தது. பிற்காலத்தில் சாதி இறுகியபோது, பறையடிப்பது ஒரு பிரிவினர் மீது சுமத்தப்பட்ட ஊர்க்கடமையானது. ஆங்கிலத்தில் 'பரையா' என்றால் சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர். அந்தச் சொல்லின் வேரும் நம் பறைதான். ஓர் இசைக்கருவியின் பெயர் உலக அகராதியில் இழிசொல்லாகப் பதிவான கதை இது.

இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வரலாற்றுப் பாடத்தில் ஒரு நிகழ்வு உண்டு. அமெரிக்காவின் தென் கரோலினாவில் 1739இல் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள் ஸ்டோனோ ஆற்றங்கரையில் கிளர்ந்தெழுந்தனர். அடுத்த ஆண்டே அவர்கள் முரசு கொட்டுவதைத் தடுத்துச் சட்டம் வந்தது. முரசொலி செய்தி கடத்தும் என்ற அச்சமே காரணம். பின்னர் கைதட்டியும் காலால் தாளமிட்டும் உடலையே கருவியாக்கி அம்மக்கள் தங்கள் இசையைக் காப்பாற்றினர். அங்கே 'அடிக்காதே' என்றார்கள். இங்கே 'அடித்தே ஆக வேண்டும்' என்றார்கள். இரண்டிலும் முடிவெடுக்கும் உரிமை கலைஞர் கையில் இல்லை. அதனால்தான் 20ஆம் நூற்றாண்டில் பல ஊர்களில் பறையடிக்க மறுப்பதே சுயமரியாதைப் போராட்டமாக இருந்தது. பின்னர் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் போன்றோர் அதே பறையை விடுதலையின் கருவியாகக் கையில் எடுத்தனர்.

இந்த வரலாறு நம் வகுப்பறைக்குள்ளும் இருக்கிறது. எங்கள் திருவண்ணாமலை வட்டாரத்தில் ஆடிமாதக் கூழ்வார்த்தலிலும் இறுதி ஊர்வலத்திலும் பறை ஒலிக்கும். என் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் மேசையில் தட்டினாலே தாளம் பிசகாது. கலைத் திருவிழாவுக்குப் பறை வாசிக்கிறாயா என்று கேட்டபோது தலை குனிந்தான். "எங்கப்பா ஊர்ல அடிக்கிறாரு சார். நானும் அடிச்சா அப்புறம் சாவுக்கு என்னையும் கூப்பிடுவாங்க" என்றான். திறமை இருக்கிறதே என்று நான் வற்புறுத்தவில்லை. அவன் ஓவியப் போட்டியில் கலந்துகொண்டான். பறையை வெவ்வேறு தெருக்களிலிருந்து வரும் ஆறு மாணவ மாணவியர் விரும்பிக் கற்றனர். வேறொரு மாணவருக்குப் பறை ஒரு மேடை நிகழ்ச்சி. அவனுக்கோ அது தெருவில் இறங்கியதும் தொடரும் அடையாளம். இந்த வேறுபாட்டை நாம் உணர வேண்டும்.

பெயர் சொல்வதும் முக்கியம். டி.எம். கிருஷ்ணா எழுதி 2020இல் வெளிவந்த 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' மிருதங்கம் செய்பவர்களைப் பற்றிய நூல். அவர்களில் பலர் தலித் கிறித்தவர்கள். பாலக்காடு மணி ஐயரை இசை உலகம் முழுதும் அறியும். அவருக்கு மிருதங்கம் செய்துகொடுத்த பர்லாந்தை அறிந்தவர்கள் சிலரே. 2025இல் பத்மஸ்ரீ பெற்றவர்களில் மதுரைப் பகுதிப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானும், எங்கள் மாவட்டத்துத் தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தனும் உண்டு. இந்தப் பெயர்கள் நம் மாணவர்களுக்குத் தெரிய வேண்டும்.

பள்ளியில் நாம் செய்யக்கூடியவை சில:

1. பறை பயிற்றுவிக்க உள்ளூர்க் கலைஞரை அழைத்தால் அழைப்பிதழில் அவர் பெயரை அச்சிடுவோம். மேடையில் நாற்காலியும் உரிய மதிப்பூதியமும் தருவோம். மாணவர்கள் அவரை 'ஆசான்' என்றோ 'ஐயா' என்றோ அழைக்கட்டும்.

2. குடும்பத் தொழிலைப் பார்த்து மாணவரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். விரும்பும் அனைவருக்கும் வாய்ப்புத் தருவோம். மறுக்கும் உரிமையையும் மதிப்போம்.

3. பறையைப் பாடத்தோடு இணைப்போம். வாசிக்கும் முன் தோலைத் தீயில் காய்ச்சுவது ஏன்? ஈரம் நீங்கித் தோல் இறுகும். இறுக்கம் கூடினால் அதிர்வெண் கூடும். ஒலியியலுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா? மெல்லிய நீளமான குச்சியும் தடித்த குட்டையான குச்சியும் வெவ்வேறு ஒலி தருவதை மாணவர்களே சோதித்துப் பார்க்கட்டும்.

4. நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கும் மாணவர், பாடியவர், ஆடியவர் பெயர்களோடு கருவியைச் செய்தவர், கற்றுத்தந்தவர் பெயர்களையும் சொல்லட்டும்.

பறை ஒலிக்கும்போது கைதட்டுவது எளிது. அதை வாசிப்பவரின் பிள்ளை, "இவர் என் அப்பா" என்று வகுப்பில் தயங்காமல் சொல்லும் சூழலை உருவாக்குவதே ஆசிரியர் பணி.