உள்ளங்கைக் கொப்புளமும் அம்மன் உபசாரமும்

பங்குனியில் ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய மாரியம்மனுக்கும், சித்திரையில் இராஜபாளையம் புதுப்பாளையம் மாரியம்மனுக்கும் பூக்குழி இறங்குகிற ஜனங்கள், குழந்தையின் தேகத்தில் எந்தக் கொப்புளம் கண்டாலும் ‘அம்மா வந்திருக்கிறாள்’ என்று கும்பிட்டு, வாசலில் வேப்பிலை செருகி, வீட்டில் தாளிப்பதையும் நிறுத்திவிடுவது நெடுங்காலத்துச் சம்பிரதாயம். 2022ஆம் ஆண்டு மே மாதத்தில், மலைக்கு அப்பால் கொல்லம் ஜில்லாவில் சின்னஞ்சிறு குழந்தைகளிடையே ‘தக்காளிக் காய்ச்சல்’ பரவுகிறது என்ற சமாசாரம் கிளம்பி, பத்திரிகைகள் அதை விநோத வியாதியாக வர்ணித்தபோது, கொல்லத்திலிருந்து செங்கோட்டை வழியே திருமங்கலம் போகும் நெடுஞ்சாலையில் இருக்கும் இவ்விரு ஊர்களிலும் பீதி தோன்றியிருந்தால் அதில் ஆச்சரியமில்லை. ஆனால் கேரளத்துக்கு வந்துவிட்டு பிரிட்டன் திரும்பிய குழந்தைகளைப் பரிசோதித்தபோது அகப்பட்டது, காக்ஸாக்கி ஏ16 என்னும் பழைய வைரஸ்தான். அது உண்டாக்கும் கை-கால்-வாய் நோயோ கோழிக்கோட்டில் 2003லேயே தலைகாட்டியது.

ஓரிரு நாள் ஜுரம். பிறகு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும், சில சமயம் பிருஷ்டத்திலும் கொப்புளங்கள். ஆயினும் குழந்தையை வாட்டுவது வாய்ப்புண்தான். பால்கோவாவைக் கண்டால் தாவி வரும் பிள்ளை, நாவில் ஒரு துளி பட்டதும் வீரிட்டழுது, கரண்டியைத் தட்டிவிட்டு, எச்சிலைக்கூட விழுங்காமல் மோவாயில் வழியவிடும். இதற்கென்று தனி ஔஷதம் கிடையாது. ஆன்டிபயாடிக்குக்கு இங்கே வேலையே இல்லை. பாரசிட்டமால், ஆறிய கஞ்சி, மோர், இளநீர் என்று 7 முதல் 10 நாள் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் போதுமாகையால், பிள்ளையைப் பிறர் வீட்டுக்கு விடாமல் குளிர்ந்த ஆகாரம் கொடுத்துக் காக்கும் நம் பாட்டிமாரின் உபசாரத்தை நான் பரிகசிக்கமாட்டேன். குளிப்பாட்டக் கூடாது என்கிற பிடிவாதம் மட்டும் வேண்டாத சங்கதி.

என் அச்சமெல்லாம், இதே பொறுமையை மணல்வாரிக்கும் காட்டிவிடுவார்களே என்பதுதான். இருமலும் மூக்கொழுகலும் கண் சிவப்புமாகத் தொடங்கி, காதின் பின்புறத்திலிருந்து முகம், மார்பு என்று கீழே இறங்கும் அந்த அம்மை, நிமோனியாவில் கொண்டுபோய் விட்டு உயிரையே வாங்கக்கூடியது. அதைத் தடுக்க 9 மாதம் நிறைந்ததும் ஒன்றும், 16 மாதத்துக்குப் பிறகு இன்னொன்றுமாக அரசாங்கமே இலவசமாக ஊசி போடுகிறது. கை-கால்-வாய் நோய்க்கு நம் தேசத்தில் அப்படி ஊசி இல்லை. அதிலும், குழந்தை 8 மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காவிட்டாலோ, தூக்கத்தில் உதறி உதறி விழித்தாலோ, வேப்பிலையை நம்பி உட்கார்ந்திராமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

மலத்தின் வழியே வைரஸ் பல வாரங்கள் வெளியேறுமாதலால், கால் கழுவிவிட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது கொப்புளம் அடங்கிய பின்னும் அவசியம். அப்போது சில பிள்ளைகளுக்கு நகம் கழன்று விழுவதுண்டு. புது நகம் தானே முளைத்துவிடும், அதற்காக மதுரைக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை.